லோக்கலான வீடு

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து 'லோக்கல்' என்பதைப்போல இனிப்பான ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்துவிட்டுச் சமைப்பாள்.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களுக்கு உலகம் இரண்டே பகுதிதான். ஒன்று லைன், இன்னொன்று லோக்கல். லைன் என்றால் வடக்கே போவது. நாக்பூர், இந்தூர், கௌஹாத்தி என்று அப்பா சொல்லும் ஊர்களெல்லாம் எனக்கு ஒரே ஊராகத்தான் தோன்றும். அங்கே போகிற அப்பா எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வரும்போது தாடி வளர்ந்திருக்கும், கண் சிவந்திருக்கும், பேச்சில் நடுநடுவே இந்தி கலந்திருக்கும். லோக்கல் அப்படியில்லை. கரூருக்குக் கோழித் தீவனம், சேலத்துக்கு ஜவ்வரிசி மூட்டை, ஈரோட்டுக்கு மஞ்சள் என்று காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம். கைகால் கழுவிவிட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, என் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பார்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் போன் கிடையாது. மளிகைக் கடைக்குத்தான் அப்பா பேசுவார். கடைக்காரர் கூப்பிட்டு விட்டதும் நானும் அம்மாவும் ஓடுவோம். அம்மா பேசி முடித்ததும் போன் என் காதுக்கு வரும்.

"இந்த வாரம் லோக்கல்தான் சாமி" என்பார் அப்பா.

அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் என் காதில் ஏறாது. திரும்பி நடக்கும்போது அம்மா யாரைப் பார்த்தாலும் "இந்த வாரம் லோக்கலாமுங்க" என்று கேட்காமலே சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மா மூளைக் காய்ச்சலில் இறந்துபோனபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, அப்பாவுக்கு லைன்தான் கிடைக்கிறது, பெண்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சு வந்தது. அம்மாவின் அக்காதான் முன்வந்தாள். பெரியம்மா சேலத்தில் இருந்தாள். பெரியப்பா அங்கே ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியர். அவர்களுடைய ஒரே மகன் அப்போது வெளிமாநிலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அந்த அண்ணனின் அறை எனக்கானது.

பெரியப்பா ஊருக்கு வெளியே பைபாஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருந்தார். அப்படி ஒரு வீட்டுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. சுவரெல்லாம் பால்கோவா நிறம். திரைச்சீலையும் அதே நிறம். சோபாவும் கிட்டத்தட்ட அதே நிறம். உட்கார்ந்தால் அழுக்காகிவிடுமோ என்று பயமாக இருந்ததால் நான் தரையிலேயே உட்காருவேன். தரையும் வெள்ளைதான். நடந்தால் கால் தடம் தெரியும். பள்ளிக்கூட வேன் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருக்காது. குக்கர் விசில்கூட வெளியே கேட்காதபடி சமையலறைக்குக் கதவு இருந்தது. பெரியப்பாவுக்கு சீரியல் சத்தம் பிடிக்காது என்பதால், அவர் வீட்டில் இல்லாத நேரத்திலும் பெரியம்மா டிவியைச் சத்தம் குறைத்துத்தான் பார்ப்பாள். அதில் அழுகிறவர்கள் யாரும் சத்தமாக அழுததில்லை.

பெரியம்மா என்னிடம் அன்பாக இல்லை என்று சொன்னால் பொய். வேளைக்குச் சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள், சீருடையை இஸ்திரி போட்டு வைத்தாள். ஆனால் என்னிடம் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று பயந்தோமோ என்னவோ. தனியாக இருக்கிற இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் தனிமை பாதியாகும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பெரியம்மாவுக்கு இரண்டு பேச்சு உண்டு. சமையலறையில், ஊரிலிருந்து யாராவது போனில் கூப்பிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு "ஏனுங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா" என்று மெதுவாக இழுத்துப் பேசுவாள். அப்போது அவள் குரல் அச்சு அசலாக அம்மாவின் குரலாக இருக்கும். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கூடத்துக்கு வந்துவிட்டால் வேறு பேச்சு. 'வீடு' என்பதில் வருகிற 'வீ' அழுத்தமாக, பல் உதட்டில் பட்டு வரும்.

அந்த வீட்டில் ஒரு நாள் காலையில்தான் எனக்குப் பிடித்த சொல்லைக் கேட்டேன்.

ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஊதா நிறப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு நிறம் அந்தக் கூடத்தில் நான் பார்த்ததே இல்லை. பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு சொன்னார்.

"லோக்கலா இருக்கு."

எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். எங்கள் சொல் இங்கேயும் இருக்கிறது என்ற சந்தோஷம். பெரியம்மா வெட்கப்பட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். பூவை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தாள். நல்ல பூ, இன்னொரு நாளைக்கு ஆகட்டும் என்று பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். புடவையையும் மாற்றிக்கொண்டு சந்தன நிறத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள்.

பெரியப்பா யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. சட்டையில் ஒட்டியிருக்கிற நூலை எடுத்துவிடுவது மாதிரி, மெதுவாக, சிரித்துக்கொண்டேதான் அந்தச் சொல்லைச் சொல்வார். ஒருமுறை அப்பாவின் லாரியில் ஒட்டியதுபோக மீதியிருந்த மயில் ஸ்டிக்கரை நான் அண்ணன் அறையின் பீரோவில் ஒட்டிவைத்தேன். பெரியப்பா தேங்காய் எண்ணெய் தடவி, கிழியாமல் உரித்து, என் உள்ளங்கையில் வைத்தார். "இது ரொம்ப லோக்கலா இருக்கும்மா. பத்திரமா வச்சுக்கோ" என்றார். அவர் என்னோடு பேசிய மிகச் சில வார்த்தைகளில் அது ஒன்று. நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போனோம். மாடி அறை ஜன்னலுக்கு மட்டும் பாக்கி இருந்தது. பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட ஒரு துணியில் பெரியம்மாவின் கை போய் நின்றது. கடைக்காரர் அதை விரித்துக் காட்டினார். கடை முழுக்க வெயில் அடித்ததுபோல இருந்தது. பெரியம்மா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் உதடு பிரியாமல் சிரித்தார்.

"லோக்கல்" என்றார்.

பெரியம்மா துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வழக்கமான நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இதையெல்லாம் வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உலகத்தில் எது ரொம்ப நன்றாக இருக்கிறதோ, எதைப் பார்த்தால் மனசு துள்ளுகிறதோ, அது லோக்கல். அதை அடிக்கடி வைத்துக்கொள்ள முடியாது. கடையிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது; டப்பாவில் போட்டு மூடி வைக்கத்தான் முடியும். அப்பாவும் அப்படித்தானே, எப்போதாவதுதானே லோக்கல். என் கணக்கு எல்லா வகையிலும் சரியாகவே வந்தது.

புது வீட்டில் பாக்கியிருந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு, கல்லூரி முதல்வரையும் கூட வேலை பார்க்கிறவர்களையும் குடும்பத்தோடு டீக்குக் கூப்பிட வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு முடிவானது. அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா உட்காரவில்லை. கண்ணாடி ஜன்னலைத் துடைத்தாள். துடைத்ததை மறுபடி துடைத்தாள். திரைச்சீலையைக் கழற்றித் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டினாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவளோடு கூடவே போவேன். வாளியை நகர்த்திக் கொடுப்பேன், துணியைப் பிழிந்து கொடுப்பேன். "தள்ளிப் போ" என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்கு அமைந்த நல்ல வாரம் அதுதான்.

விருந்தினர்களுக்குக் கட்லெட்டும் சாண்ட்விச்சும் கேக்கும் பேக்கரியில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம், பெரியப்பா வெளியே போயிருந்தபோது, பெரியம்மா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். அரிசி மாவும் வெல்லமும் கலந்து கச்சாயம் சுட்டாள். தீபாவளிக்கும் கோயில் நோம்பிக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சுடுவதுதான். அதன் வாசனையில் அந்த வீடே வேறு வீடாகிவிட்டது. சுட்டு முடித்ததும் ஒரு தூக்குப்போசியில் போட்டு, மேல் அலமாரியில் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். வைப்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்துப் பிட்டு, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தாள்.

"வாரவங்களுக்குப் பேக்கரியில சொல்லியாச்சு. இது நமக்கு" என்றாள்.

'நமக்கு' என்றாள். அம்மா போன பிறகு என்னைச் சேர்த்து யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கச்சாயத்தைத் தின்றுவிட்டு மாடிக்குப் போய் அந்தச் சொல்லைத் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குப் பெரியம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். மெதுவாகப் பேசுகிற ஆண்கள், வெளிர் நிறப் புடவை கட்டிய பெண்கள். சோபாவில் இடம் போதாமல் உள்ளேயிருந்து நாற்காலிகள் வந்தன. பெரியப்பா எல்லாரையும் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். "ரொம்ப டீசன்ட்டா இருக்கு" என்றார் முதல்வர். எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு துடைத்த வீட்டுக்கு அவ்வளவுதானா? சரியான சொல் ஒன்று இருக்கிறது, அது ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று தோன்றியது.

முதல்வரின் மனைவி நல்ல அம்மா. சுவரோரம் நின்றுகொண்டிருந்த என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பெயரைக் கேட்டு, கன்னத்தைத் தொட்டார்.

"பெரியம்மா வீடு உனக்குப் பிடிச்சிருக்கா? எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கூடம் கொஞ்சம் அமைதியாகியிருந்த நேரம் அது. சமையலறை வாசலில் பெரியம்மா டீத் தட்டோடு வந்து நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று நான் நன்றாகச் சத்தமாகவே சொன்னேன்.

"ரொம்ப லோக்கலா இருக்குதுங்க. எல்லாம் எங்க பெரியம்மா பண்ணுனதுங்க."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். முதல்வரின் மனைவி என் கன்னத்திலிருந்து கையை எடுத்து, "குழந்தைங்க எதைக் கேட்டாலும் பிடிச்சுக்குதுங்க" என்று பொதுவாகச் சொன்னார். பெரியப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்திலேயே தங்கிப்போய், எடுக்க மறந்துவிட்டதுபோல இருந்தது. நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டோடு அப்படியே திரும்பி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, அன்றைக்கு உதவிக்கு வந்திருந்த வேலைக்கார அம்மாதான் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாரும் போன பிறகு பெரியப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம்தான் சொன்னார், அதுவும் மெதுவாக.

"உன் தங்கச்சி பொண்ணுதானே. வேற எப்படி இருக்கும்?"

பெரியம்மா சமையலறைக்குப் போனாள். டீத் தம்ளர்களைக் கழுவி முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவளைக் கேலி செய்ததாக, அவளுடைய வீட்டில் அவளுடைய சோற்றைத் தின்றுகொண்டே கேலி செய்ததாக, அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வைப்பாள், தலை பின்னிவிடுவாள். வாய் திறக்க மாட்டாள். முன்பு பேச்சுத் தெரியாமல் இருந்த மௌனம் வேறு, இது வேறு என்று எனக்குத் தெரிந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு பக்கம் ஏற்காட்டு மலை தெரியும், இன்னொரு பக்கம் பைபாஸ் ரோடு. லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நாமக்கல் வண்டிகளின் ஹாரன் எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். எல்லா வண்டியும் நிற்காமல் போகும். இருட்டுவதற்குள் கீழே இறங்கிவர வேண்டும். இறங்கி வந்தால் தட்டில் சோறு இருக்கும், பெரியம்மா இருக்க மாட்டாள்.

அந்தச் சொல்லை மற்றவர்கள் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது ரொம்ப வருடம் கழித்து. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தபோது அறைத்தோழி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரொம்ப லோக்கலா இருக்குடி" என்றாள். நான் "தேங்க்ஸ்" என்றேன். விடுதி முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி உட்கார்ந்து விளக்கினாள். அசிங்கம் என்று சொன்னால் சண்டை வரும், ரசனை இல்லை என்று சொன்னால் புத்தகத்தில் இருப்பதுபோல இருக்கும், பட்டிக்காடு என்று இப்போதெல்லாம் யாரும் சொல்வதில்லை, அதனால் லோக்கல். சட்டைக்குச் சொல்லலாம், சாப்பாட்டுக்குச் சொல்லலாம், ஒருத்தர் சிரிக்கிற விதத்துக்கும் சொல்லலாம். சொன்னவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடும். இந்த ஊரைச் சேர்ந்தது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நேரான பொருள். அதைத் திட்டாக மாற்றியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

எனக்கு அப்போது சுடிதார் ஞாபகம் போய்விட்டது. டீத் தட்டோடு வாசலில் நின்ற பெரியம்மாதான் கண்ணுக்குள் இருந்தாள். கனகாம்பரத்தை டப்பாவில் போட்டதும், சூரியகாந்தித் துணியிலிருந்து கையை எடுத்ததும் ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, தன் நிறத்தையும் பேச்சையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் முழுக்கத் துடைத்து வைத்த வீட்டுக்குத்தான் நான் அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? செய்யவில்லை.

சொல்ல வந்தது அதுவல்ல. அப்பா வந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

பெரியம்மா என்னோடு பேசாமல் இருந்த அந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். லாரியை பைபாஸில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு பை நிறைய நாக்பூர் ஆரஞ்சோடு நடந்தே வந்திருந்தார். செருப்பை கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டிருந்தார். சோபாவில் உட்காரச் சொன்னதற்கு நுனியில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பெரியம்மா அப்பாவிடம் என்னவோ சொன்னாள். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தார்.

ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளைகளை என் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"பெரியம்மா மனசு சங்கடப்பட்டுட்டாங்களாமா. நீ என்ன சாமி சொன்ன?"

"ஊடு ரொம்ப லோக்கலா இருக்குதுன்னு சொன்னேனுங்கப்பா."

"ஏஞ்சாமி அப்படிச் சொன்ன?"

"நல்லாருந்துச்சு. அதான்."

அப்பா உரித்த தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"லோக்கல்னா என்னன்னு நெனச்ச?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிக் கொடுத்தவரே கேட்டால் எப்படி?

"நீங்க சாயங்காலம் ஊட்டுக்கு வாரதுங்கப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பைபாஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. வண்டிச் சத்தத்தைக் கேட்கிறார்போல என்று நானும் கேட்டேன். அப்போதுதான் படிக்கட்டின் மேல்படியில் பெரியம்மா நிற்பதைப் பார்த்தேன். கையில் காப்பித் தம்ளர். எப்போது வந்தாளோ தெரியாது. தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"ஆறிப்போகுதுங்க மாப்பிள்ளை. குடிங்க" என்றாள்.

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் என்னை ஒன்றும் சொல்லாததால், கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பா எழுந்து வந்ததும் அப்பா அவர் முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"நான் லைனை உட்டர்லாம்னு இருக்கறேனுங்கண்ணா. ஊர்ல தீவன வண்டிக்கு ஆள் கேட்டுட்டு இருக்கறாங்க. பாப்பாளையும் கூட்டிட்டுப் போயர்றேன்."

படிப்பு என்ன ஆகும், பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விகள்தான். ஊரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, சாயங்காலம் தான் வந்துவிடுவேன் என்று அப்பா சொன்னார். பெரியப்பா யோசித்துச் செய்யுங்கள் என்றார். அப்பா யோசித்துவிட்டதாகச் சொன்னார். நான் அதற்குள் என் பையை எடுக்க ஓடிவிட்டேன்.

துணிகளைப் பெரியம்மாதான் மடித்து வைத்தாள். மடித்து வைத்ததை எடுத்து உதறி, மறுபடி மடித்தாள். இஸ்திரி போட்ட சீருடையை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இனிமேல் அந்தச் சீருடை எனக்கு ஆகாது, வேறு பள்ளிக்கூடம். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இன்னைக்கேவா?" என்று கேட்டாள். பேச்சை நிறுத்திய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் ஆமாம் என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பெரியப்பா என் தலையைத் தொட்டு, லீவுக்கு வா என்றார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டார். பக்கம்தான், நடந்துவிடுவோம் என்று அப்பா பையைத் தோளில் போட்டார். வாசல்வரை வந்த பெரியம்மா கேட்டோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற செருப்போடு எங்களுக்குப் பின்னாலேயே வந்தாள். அப்பா நின்று திரும்பிப் பார்த்தார். "வண்டி வரைக்கும் வாரேனுங்க" என்றாள்.

பைபாஸ் ஓரம் வேப்பமரத்துக்கு அடியில் லாரி நின்றது. பெரியம்மா அதுவரை அப்பாவின் லாரியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. முன்பக்கம் கண்ணாடிக்கு மேலே இரண்டு மயில்கள் தோகை விரித்து நிற்கும். பச்சையும் நீலமும் மஞ்சளுமாக, வெயிலில் கண் கூசும். கதவில் தாமரைப்பூ. கேபினுக்குள்ளே சிவப்பு வெல்வெட்டுத் துணி, அதில் தங்க நிறக் குஞ்சங்கள், கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலை, சாமி படத்துக்கு மேலே விட்டு விட்டு எரிகிற குட்டிக் குட்டிக் கலர் பல்புகள். ஒரு இடத்தில்கூடச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள். அப்பா என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தபோது பெரியம்மா கீழே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

அப்பாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "ஓனரு பண்ணி வெச்சதுங்க" என்றார்.

"நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றாள் பெரியம்மா. கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிற குரல். அந்தக் குரலைத் திறந்த வெளியில் அன்றைக்குத்தான் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குதுங்க."

அப்பா சுற்றிப் போய் ஏறி வண்டியைக் கிளப்பினார். பெரியம்மா என் பக்கத்துக் கதவோரம் வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கேபின் உயரத்தில் இருந்ததால் அவள் தலையைத் தூக்கித்தான் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது. ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன். அப்பா கிளட்சை விட்டார். வண்டி மெதுவாக நகர்ந்தது. பெரியம்மா கையை எடுக்காமல் வண்டியோடு கூடவே நடந்து வந்தாள். செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. கதவு திறந்துகொள்ளுமோ, நான் விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன் நான்.

"நல்லாத்தான் சாத்தியிருக்குதுங்க பெரியம்மா" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.